ஐந்து வாளிப் பால்

"கல்லூரி நாட்களில் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' படித்தேன். கம்யூனிசத்தைத் தாக்கி எழுதிய கதை என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள். இப்போது சோவியத் யூனியனே இல்லை. அதை மறுபடி படிக்க என்ன இருக்கிறது? அது கம்யூனிசத்தைப் பற்றிய கதையா, சுதந்திரத்தைப் பற்றிய கதையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

படியுங்கள். ஒரு மாலையில் முடித்துவிடலாம், அவ்வளவு சின்னப் புத்தகம். நான் மூன்று முறை படித்திருக்கிறேன். முதல்முறை பாக்ஸர் என்ற குதிரைக்காக அழுதேன். வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. இரண்டாம் முறை ரஷ்ய வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு படித்தேன். எந்த விலங்கு எந்தத் தலைவர் என்று பொருத்திப் பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டது. மூன்றாம் முறை கையில் பென்சிலோடு உட்கார்ந்து ஒரே ஒரு காரியம் செய்தேன். ஒரு விலங்கு எதையாவது படிக்கிற இடம், படிக்க முயன்று தோற்கிற இடம், படித்துச் சொல்லும்படி இன்னொன்றைக் கேட்கிற இடம், இவற்றுக்கெல்லாம் கோடு போட்டேன். பக்கத்துக்குப் பக்கம் கோடு விழுந்தது. உங்கள் கேள்விக்கான பதிலை அந்தக் கோடுகளை வைத்தே சொல்கிறேன்.

யார் யார் என்ற பொருத்தத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்வோம். விலங்குகள் கலகம் செய்து துரத்துகிற குடிகாரப் பண்ணைக்காரர் ஜோன்ஸ் ஜார் ஆட்சி. கனவு கண்டு சொல்லிவிட்டுச் செத்துப்போகும் கிழப் பன்றி மேஜரிடம் மார்க்ஸும் லெனினும் கலந்திருக்கிறார்கள். பண்ணையைப் பிடித்துக்கொள்ளும் பன்றி நெப்போலியன் ஸ்டாலின், அதனால் துரத்தப்படும் பன்றி ஸ்னோபால் ஸ்டாலினின் போட்டியாளர் ட்ராட்ஸ்கி. நாக்கு வன்மை படைத்த இன்னொரு பன்றி ஸ்க்வீலர் அரசாங்கப் பத்திரிகை. நாய்கள் ரகசியப் போலீஸ். காற்றாலை தொழில்மயத் திட்டங்கள். அண்டைப் பண்ணைக்காரர் ஃப்ரெடரிக் கள்ள நோட்டைக் கொடுத்து மரம் வாங்கிப்போவது 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு போட்ட ஒப்பந்தம். கோழிகள் முட்டையைக் கொடுக்க மறுத்துப் பட்டினி போடப்படுவது கூட்டுப்பண்ணைக் கால உக்ரைன். பொய்க் குற்றங்களை ஒப்புக்கொண்டு விலங்குகள் சாகிற காட்சி 1936 முதல் 1938 வரை நடந்த மாஸ்கோ வழக்குகள். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு மழுப்பாமல் சொல்ல வேண்டிய பதில்: ஆம், இது சோவியத் கம்யூனிசத்தைப் பற்றிய கதைதான். "எல்லா அதிகாரத்தையும் பற்றியது" என்று பொதுவாகச் சொல்லி அந்த ரத்தத்தைத் துடைத்துவிடுவது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் அந்தப் பொருத்தப் பட்டியலில் சேராத சின்னச் சின்ன இடங்களில்தான் கதையின் உயிர் இருக்கிறது. முதல் இடம் பால்.

இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோன்ஸைத் துரத்தியாகிவிட்டது. தார் பூசிய கொட்டகைச் சுவரில், இனி எல்லா விலங்கும் பின்பற்ற வேண்டிய ஏழு கட்டளைகளை வெள்ளை எழுத்தில் எழுதியாகிவிட்டது. ஏணியில் ஏறி எழுதியது ஸ்னோபால். சில படி கீழே நின்று பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தது ஸ்க்வீலர். 'நண்பன்' என்ற சொல்லில் இரண்டு எழுத்துகள் இடம் மாறி விழுந்திருக்கின்றன, ஓர் 'எஸ்' திரும்பி நிற்கிறது. அந்தப் பிழைகள்மேல் எனக்குப் பெரிய அன்பு. எழுதப் பழகி மூன்றே மாதம் ஆன கை அது. அந்த ஒரு நாளாவது சுவரில் இருந்தது உண்மையான எழுத்து.

அப்போது பசுக்கள் கத்துகின்றன. ஒரு நாள் முழுக்கக் கறக்காததால் மடி கனத்து வலிக்கிறது. பன்றிகள் எப்படியோ கறந்துவிடுகின்றன. நுரை தளும்ப ஐந்து வாளிப் பால். எல்லாரும் சுற்றி நின்று ஆசையோடு பார்க்கிறார்கள். "இத்தனை பாலையும் என்ன செய்யப் போகிறோம்?" என்று யாரோ கேட்கிறார்கள். "ஜோன்ஸ் சில சமயம் எங்கள் தீனியில் கொஞ்சம் கலப்பார்" என்கிறது ஒரு கோழி. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. பாலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் தோழர்களே, அதைப் பார்த்துக்கொள்ளலாம், அறுவடைதான் முக்கியம் என்கிறது. எல்லாரும் புல் அறுக்கப் போகிறார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது பால் இல்லை. அத்தியாயம் அங்கே முடிகிறது.

எத்தனை பேருக்கு இந்த இடம் ஞாபகம் இருக்கிறது? எனக்கு இருக்கவில்லை. முதல் இரண்டு முறையும் கதை வேகத்தில் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் ஆர்வெல் 1946 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் ட்வைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில், கதையின் திருப்புமுனை இந்தப் பாலும் அதன்பின் வரும் ஆப்பிளும்தான் என்று விளக்குகிறார். பன்றிகள் அவற்றைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட அன்றே மற்ற விலங்குகள் தடுத்து நின்றிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்கிறார். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்ப்பெயரை எழுதுகிறார்: க்ரோன்ஷ்டாட்.

க்ரோன்ஷ்டாட் பெத்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகருக்கு எதிரே கடலில் உள்ள கோட்டைத் தளம். 1917 புரட்சியில் முன்னணியில் நின்றவர்கள் அங்கிருந்த கடற்படை வீரர்கள். அதே தளத்து வீரர்கள் 1921 மார்ச்சில் கோரிக்கைகளை எழுதி முன்வைத்தார்கள். சோவியத்துகள் என்ற மக்கள் மன்றங்களுக்கு ரகசிய வாக்கெடுப்பில் புதுத் தேர்தல் வேண்டும், தொழிலாளருக்கும் விவசாயிக்கும் பேச்சுரிமையும் பத்திரிகை உரிமையும் வேண்டும் என்றார்கள். ஆபத்தான வேலை செய்கிறவர்களைத் தவிர உழைக்கிற எல்லாருக்கும் ஒரே அளவு ரேஷன் வேண்டும் என்றும் அந்தப் பட்டியலில் இருந்தது. பால் எங்கே போகிறது என்று கேட்டார்கள், அவ்வளவுதான். உறைந்த கடலின் பனிமேல் படையை நடக்கவிட்டு அவர்களை அடக்கினார்கள். தாக்குதலை நடத்தியவர் செஞ்சேனைத் தளபதி துகாச்செவ்ஸ்கி. அப்போது போர்த்துறைப் பொறுப்பில் இருந்தவர் ட்ராட்ஸ்கி. லெனின் உயிரோடு இருந்தார். ஸ்டாலினின் தனியாட்சி வர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்றாம் அத்தியாயத்தில் வரும் ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கே என்பதில் எல்லாப் பன்றிகளும் ஒத்துப்போயின, ஸ்னோபாலும் நெப்போலியனும்கூட. மற்ற எல்லா விஷயத்திலும் அடித்துக்கொள்கிற இரண்டும் இந்த ஒன்றில் ஒன்று. "நல்ல ட்ராட்ஸ்கியைக் கெட்ட ஸ்டாலின் துரத்திவிட்டார், இல்லாவிட்டால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும்" என்று இந்தக் கதையைப் படிப்பவர்கள் அந்த ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டவர்கள். நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே இரண்டாம்பட்சம். கேட்க ஆளில்லாத இடத்தில் வாளிக்கு முன்னால் யார் நின்றாலும் பால் போய்விடும். அதே கடிதத்தில் ஆர்வெல் தான் சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறார்: உங்களுக்கான புரட்சியை நீங்களே செய்தாக வேண்டும், கருணையுள்ள சர்வாதிகாரம் என்று ஒன்று கிடையாது.

இனி என் பென்சில் கோடுகளுக்கு வருகிறேன்.

புரட்சிக்குப் பின் பண்ணையில் எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. இலையுதிர்காலத்துக்குள் ஏறக்குறைய எல்லா விலங்குக்கும் ஏதோ ஓரளவு படிக்கத் தெரிந்துவிடுகிறது. எது எவ்வளவு கற்றது என்று ஆர்வெல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பன்றிகளுக்கு முழுதாக எழுதப் படிக்க வரும். நாய்களுக்கு ஓரளவு வரும், ஆனால் கட்டளைகளைத் தவிர வேறெதையும் படிக்க அவற்றுக்கு ஆர்வமில்லை. மியூரியல் என்ற வெள்ளாடு குப்பையில் கிடைக்கும் பத்திரிகைத் துண்டுகளை மாலையில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும். மாலி என்ற குதிரை தன் பெயருக்கு வேண்டிய ஆறு எழுத்துகளை மட்டும் கற்று, குச்சிகளால் அடுக்கி, பூ வைத்து அலங்கரித்துச் சுற்றி வரும். பெஞ்சமின் என்ற கழுதைக்குப் பன்றிகளுக்கு நிகராகப் படிக்க வரும். ஆனால் படிக்கத் தகுந்தது எதுவுமில்லை என்று படிப்பதே இல்லை. க்ளோவர் என்ற தாய்க்குதிரைக்கு எல்லா எழுத்தும் தெரியும், சொல்லாகக் கூட்டத் தெரியாது. பாக்ஸருக்கு நாலு எழுத்துதான். மண்ணில் பெரிய குளம்பால் ஏ, பி, சி, டி என்று எழுதிவிட்டுக் காதைப் பின்னுக்கு மடக்கி வெறித்துப் பார்த்துக்கொண்டே நிற்கும். அடுத்த நாலு எழுத்தைக் கற்றால் முதல் நாலு மறந்துபோகும். கடைசியில் நாலே போதும் என்று முடிவு செய்து, மறந்துவிடாமலிருக்கத் தினம் ஒன்றிரண்டு முறை எழுதிப் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பக்கத்தை முன்பு வேடிக்கையான பகுதி என்று நினைத்திருந்தேன். பிறகு நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும் வரைபடம் இங்கேதான் இருக்கிறது. யார் எவ்வளவு படிப்பாரோ அந்த அளவில்தான் அவருக்கு வரும் கேடும் அமைந்திருக்கிறது.

பன்றிகள் வீட்டுக்குள் குடியேறிக் கட்டிலில் படுக்கின்றன என்று கேள்விப்பட்டதும் க்ளோவருக்கு உறுத்துகிறது. கட்டில் கூடாது என்று ஒரு கட்டளை இருந்ததே? சுவருக்குப் போய் எழுத்துக் கூட்டிப் பார்க்கிறது, முடியவில்லை. மியூரியலை அழைத்து வருகிறது. வெள்ளாடு தடுமாறித் தடுமாறிப் படிக்கிறது: எந்த விலங்கும் விரிப்புப் போட்ட கட்டிலில் தூங்கக் கூடாது. 'விரிப்பு' என்று ஒன்று இருந்ததாக க்ளோவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சுவரில் இருக்கிறதே, இருந்திருக்க வேண்டும். இதே போலத்தான் கொலைக்குக் 'காரணமின்றி' சேர்கிறது, குடிக்கு 'அளவுக்கு மீறி' சேர்கிறது. இந்த இடங்களில் ஒரு கட்டளையையும் முழுதாக அழிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஓரிரு சொல்லைச் சொருகினால் போதும். பழைய வாக்கியத்தின் மரியாதை அப்படியே இருக்கும், பொருள் தலைகீழாகிவிடும்.

இது ஆர்வெலின் கற்பனை மட்டும் அல்ல. 1936 டிசம்பரில் சோவியத் யூனியன் ஏற்றுக்கொண்ட அரசியல் சட்டத்தின் 125ஆம் பிரிவு பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை, ஊர்வல உரிமை எல்லாவற்றையும் குடிமக்களுக்கு உறுதி செய்கிறது. ஆனால் அந்தப் பிரிவு தொடங்குவதே உழைக்கும் மக்களின் நலனுக்கு இசைவாகவும் சோசலிச அமைப்பை வலுப்படுத்தும் பொருட்டும் என்ற சொற்களோடுதான். எது இசைவு, எது வலுப்படுத்தும் என்று தீர்மானிப்பது யார்? விரிப்பு அங்கே இருக்கிறது. அந்தச் சட்டத்தை உருவாக்கிய குழுவில் உழைத்த கட்சித் தலைவர் புகாரினை 1938 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள்.

எழுதாமல் விட்டதால் வரும் கேடும் கதையில் உண்டு. மனிதர்களோடு வியாபாரம் செய்யப்போவதாக நெப்போலியன் அறிவிக்கும்போது விலங்குகளுக்கு ஏதோ நெருடுகிறது. வியாபாரம் கூடாது, பணத்தைத் தொடக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டோமே? ஸ்க்வீலர் வந்து மெல்லக் கேட்கிறது: "நீங்கள் கண்ட கனவாக இருக்குமோ? அப்படி ஒரு தீர்மானம் எங்காவது எழுதி இருக்கிறதா? காட்டுங்கள் பார்ப்போம்." எழுத்தில் இல்லைதான். ஆகவே தங்கள் நினைவுதான் தவறு என்று விலங்குகள் சமாதானம் ஆகிவிடுகின்றன. எழுதியதைத் திருத்துவது ஒரு வழி, எழுதாததை இல்லை என்று சாதிப்பது இன்னொரு வழி. ஏட்டை வைத்திருப்பவர் கையில் இரண்டும் இருக்கிறது.

எழுதியதைத் திருத்துவதற்கு ஆர்வெல் இறந்த பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ரகசியப் போலீசின் தலைவராக இருந்த பெரியாவை 1953 டிசம்பரில் சுட்டுக் கொன்றார்கள். மாபெரும் சோவியத் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றி நீண்ட கட்டுரையும் படமும் இருந்தன, தொகுதி ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்விட்டது. பிறகு சந்தாதாரர்களுக்குப் புதிய தாள்கள் வந்தன. பழைய பக்கங்களைக் கத்தரியாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளவும் என்று குறிப்பு. பெரியா இருந்த இடத்தில் பெரிங் கடலைப் பற்றிய விவரங்கள் நிரம்பியிருந்தன. ஒரு வாசகர் மேஜையில் தொகுதியை விரித்து, தன் கையாலேயே பக்கத்தை வெட்டிப் பசை தடவுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். ஸ்க்வீலராவது தன் ஏணியைத் தானே தூக்கிப் போனது.

இங்கே கதையின் ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். பன்றிகள் இயல்பிலேயே புத்திசாலிகள், குதிரைகள் இயல்பிலேயே மந்தம் என்று வைத்துக்கொண்டால் ஆட்சி பன்றிகளுக்குப் போவது விதி ஆகிவிடுகிறது. ஃபேபர் பதிப்பகத்தின் சார்பில் கவிஞர் டி. எஸ். எலியட் 1944 ஜூலையில் இந்த நூலைத் திருப்பி அனுப்பியபோது அந்த இடத்தைத்தான் தொட்டார். பண்ணையை நடத்தத் தகுதியானவை பன்றிகள்தானே, பொதுநல உணர்வுள்ள பன்றிகள் இன்னும் அதிகம் தேவை என்று ஒருவர் வாதிடலாமே என்று எழுதினார். கருணையுள்ள சர்வாதிகாரம் கிடையாது என்ற ஆர்வெலின் வாக்கியம் அதற்கும் பதில்தான். ஆனாலும் உவமை அந்த இடத்தில் நொண்டுகிறது என்பது என் கருத்து.

நிஜத்தில் நடந்தது வேறு. சோவியத் அரசு 1919 டிசம்பரிலேயே எழுத்தறிவின்மையை ஒழிக்க ஆணை போட்டது. கோடிக்கணக்கானவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். அது பெரிய சாதனை, மறுக்கக் கூடாது. பாக்ஸர்கள் எல்லாரும் கடைசி எழுத்துவரை கற்றுவிட்டார்கள். ஆனால் 1922ல் அமைத்த தணிக்கைத் துறை அவர்கள் எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்தது. எழுத்து தெரிந்த ஒரு நாட்டிலேயே சுவரைத் திருத்தி எழுத முடிந்தது என்றால் எழுத்து தெரிவது மட்டும் போதாது என்றாகிறது. கதைக்குள் இதற்கான இடத்தை நிரப்புவது பெஞ்சமின். அதனிடம் பிறகு வருகிறேன்.

பாக்ஸரிடம் இன்னொரு நிமிடம் நிற்க வேண்டும். உக்ரைனிய மொழிபெயர்ப்புக்கு 1947ல் எழுதிய முன்னுரையில், இந்தக் கதை எங்கே முளைத்தது என்று ஆர்வெல் சொல்கிறார். ஒரு குறுகலான பாதையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பிரம்மாண்டமான வண்டிக்குதிரையை ஓட்டிக்கொண்டு போனான். அது திரும்ப முயலும்போதெல்லாம் சாட்டையால் அடித்தான். இந்தப் பிராணிகளுக்குத் தங்கள் பலம் தெரிந்துவிட்டால் நம்மால் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்கு அப்போது தோன்றியதாம்.

அந்தக் குதிரை ஏழாம் அத்தியாயத்தில் நிற்கிறது. முற்றத்தில் ஒப்புதல் வாக்குமூலங்களும் கொலைகளும் நடந்த நாள். ஸ்னோபால் முதலிலிருந்தே துரோகி என்று ஸ்க்வீலர் சொன்னபோது, "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று எல்லார் முன்னாலும் சொன்ன ஒரே விலங்கு பாக்ஸர். நெப்போலியன் தோழரே சொல்லிவிட்டார் என்றதும் ஒத்துக்கொண்டதுதான், ஆனாலும் ஸ்க்வீலர் அதைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. இப்போது மூன்று நாய்கள் பாக்ஸர்மேல் பாய்கின்றன. அது காலைத் தூக்கி ஒரு நாயைப் பாய்ச்சலிலேயே பிடித்துத் தரையோடு அழுத்துகிறது. நாய் உயிருக்குக் கெஞ்சுகிறது, மற்ற இரண்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகின்றன. பண்ணையின் முழுப் பயங்கரமும் அந்த நொடியில் ஒரு குளம்புக்கு அடியில் கிடக்கிறது. பாக்ஸர் என்ன செய்கிறது? நசுக்கட்டுமா விடட்டுமா என்று நெப்போலியனைத் திரும்பிப் பார்க்கிறது. நெப்போலியனின் முகம் ஒரு கணம் மாறுகிறது. விடச் சொல்கிறது. பாக்ஸர் காலை எடுக்கிறது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற காட்சியில்தான் பாக்ஸர் செத்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்தத் திரும்பிப் பார்த்தலிலேயே முடிந்துவிட்டது.

ஆர்வெல் இதையெல்லாம் சமத்துவத்தைக் கேலி செய்ய எழுதினாரா? அப்படிச் சொல்பவர்கள் அவருடைய வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 1936 டிசம்பரில் ஸ்பெயினுக்குப் போய்ப் பாசிசத்துக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர். சேர்ந்தது பௌம் என்ற சிறிய மார்க்சியக் கட்சியின் படையில். 1937 மே 20 அன்று ஹூயஸ்கா அருகே தொண்டையில் குண்டு பாய்ந்தது. பிழைத்துத் திரும்பினால், மாஸ்கோவின் பிடியில் இருந்தவர்கள் அதே கட்சியைப் பாசிச உளவாளிகள் என்று சொல்லித் தடை செய்து வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். அதன் தலைவர் ஆந்த்ரேஸ் நின் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். ஆர்வெலும் மனைவி ஐலீனும் தப்பி பிரான்சுக்கு ரயிலேறினார்கள். கூடச் சண்டை போட்டவர்கள் துரோகிகள் என்று அச்சில் வந்ததை அவர் தன் கண்ணால் படித்தார். ஸ்னோபாலைத் துரோகி என்று சொல்லும் பேச்சுகளுக்கு வேர் அங்கே இருக்கிறது. 1936க்குப் பின் தான் எழுதிய ஒவ்வொரு முக்கியமான வரியும் சர்வாதிகாரத்துக்கு எதிராகவும் ஜனநாயக சோசலிசத்துக்கு ஆதரவாகவும் எழுதியது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

கதையிலும் அது தெரிகிறது. ஜோன்ஸின் பண்ணை பட்டினியும் சாட்டையுமாகத்தான் இருக்கிறது. கிழ மேஜரின் பேச்சில் ஒரு சொல்லைக்கூட ஆர்வெல் நையாண்டி செய்யவில்லை. கடைசி விருந்தில் அண்டைப் பண்ணைக்காரர் பில்கிங்டன் எழுந்து பன்றிகளைப் பாராட்டுகிறார். எதற்காக? இந்த வட்டாரத்திலேயே அதிக வேலையும் குறைந்த தீனியும் இங்கேதான் என்பதற்காக. உங்களுக்குக் கீழ்நிலை விலங்குகள் என்றால் எங்களுக்குக் கீழ்நிலை வர்க்கங்கள் என்று சிரிக்கிறார். பன்றிகள் மனிதர்களைப் போல ஆகிவிட்டன என்பதே தண்டனைத் தீர்ப்பு என்றால், மனிதப் பண்ணைக்காரர்களைப் பற்றி நூலாசிரியர் என்ன நினைக்கிறார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முடிவை அப்படியே விட்டுவைக்க எல்லாருக்கும் மனம் வரவில்லை. 1954ல் இங்கிலாந்தில் வந்த கார்ட்டூன் படத்துக்கு அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ பின்னாலிருந்து பணம் கொடுத்தது. படத்தில் கடைசியில் மற்ற விலங்குகள் திரண்டு பன்றிகளைக் கவிழ்க்கின்றன. கதையின் கடைசியில் சன்னலுக்கு வெளியே நின்று பன்றி முகத்தையும் மனித முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து வித்தியாசம் தெரியாமல் திகைக்கிற விலங்குகளை அது காட்டவில்லை. கட்டளையில் சொல் சொருகிய கதைக்கே சொல் சொருகிவிட்டார்கள்.

எழுதிய காலத்திலும் நிலைமை அப்படித்தான். ஆர்வெல் கதையை 1943 நவம்பரில் தொடங்கி 1944 பிப்ரவரியில் முடித்தார். ஒவ்வொரு இரவும் அன்று எழுதியதை ஐலீனுக்குப் படித்துக் காட்டுவாராம். அப்போது சோவியத் யூனியன் பிரிட்டனின் கூட்டாளி, செஞ்சேனை ஹிட்லரின் படையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ் வெளியிட மறுத்தார். இன்னொரு பதிப்பாளர் ஜோனதன் கேப் முதலில் சம்மதித்து, தகவல் அமைச்சக அதிகாரி ஒருவர் சொன்ன யோசனைக்குப் பின் பின்வாங்கினார். ஃபேபரும் மறுத்தது. கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் 1945 ஆகஸ்ட் 17 அன்று வெளியிட்டது. ஐலீன் அதற்கு ஐந்து மாதம் முன்பே இறந்திருந்தார். பதிப்பாளர்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, தாங்களாகவே வாயை மூடிக்கொண்டார்கள் என்று ஆர்வெல் ஒரு முன்னுரை எழுதினார். அது அந்தப் பதிப்பில் சேரவில்லை. 1972ல்தான் அச்சுக்கு வந்தது. இதை நான் பெஞ்சமினின் முன்னுரை என்று சொல்வேன். தெரிந்திருந்தும் பேசாமல் இருப்பவர்களைப் பற்றியது அது.

அதே ஆசிரியர் ஸ்டாலினுக்கும் நியாயம் செய்யத் தவறவில்லை. காற்றாலை வெடிக்கும்போது நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் குப்புற விழுந்தன என்று முதலில் எழுதியிருந்தார். அச்சுக்குப் போகும் நேரத்தில் அதை 'நெப்போலியன் தவிர' என்று மாற்றச் சொன்னார். ஜெர்மானியர் நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அதனால் இதுதான் நியாயம் என்றார். வெறுப்பவரைப் பற்றிய வாக்கியத்தில்கூடப் பொய் இருக்கக் கூடாது என்று பார்த்த கை அது. தமிழில் க.நா.சு. மொழிபெயர்ப்பில் படித்தாலும் அந்த இடத்தில் ஒரு நொடி நில்லுங்கள்.

இப்போது பெஞ்சமின். பன்றிகள் செய்வது ஒவ்வொன்றும் அதற்குத் தெரியும். நள்ளிரவில் கொட்டகைச் சுவரடியில் பெரிய சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிப் பார்க்கிறார்கள். ஏணி இரண்டாக முறிந்து கிடக்கிறது. பக்கத்தில் மயங்கிய ஸ்க்வீலர், லாந்தர், பிரஷ், கவிழ்ந்த வெள்ளைப் பெயிண்ட். முதல் நாள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே ஸ்க்வீலர். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெஞ்சமின் மட்டும் தலையை ஆட்டிக்கொள்கிறது, வாய் திறக்கவில்லை. கொலைகள் நடந்த பிறகு ஆறாம் கட்டளையைப் படித்துச் சொல் என்று க்ளோவர் கேட்டபோதும் இதிலெல்லாம் தலையிட மாட்டேன் என்றது.

அது முதல்முறையாக வாய்விட்டுக் கத்துவது, உழைத்து விழுந்த பாக்ஸரை மருத்துவமனைக்கு என்று சொல்லி வண்டியில் ஏற்றிய அன்று. மற்ற விலங்குகள் வண்டியைச் சுற்றி நின்று போய் வா, போய் வா என்று வழியனுப்பிக்கொண்டிருக்கின்றன. முட்டாள்களே, வண்டியின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் என்று பெஞ்சமின் குதிக்கிறது. மியூரியல் எழுத்துக் கூட்டத் தொடங்க, அதைத் தள்ளிவிட்டுத் தானே உரக்கப் படிக்கிறது: குதிரை அறுப்பவர், பசை காய்ச்சுபவர். வண்டி நகர்ந்துவிடுகிறது. உள்ளே குளம்பு உதைக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு, மெலிந்து, நின்றுபோகிறது. மூன்று நாள் கழித்து ஸ்க்வீலர் வந்து விளக்குகிறது: வண்டி முன்பு அறுப்பவருடையது, அதை வாங்கிய கால்நடை மருத்துவர் பழைய பெயரை இன்னும் அழிக்கவில்லை. அந்த முதல் நாளுக்குப் பின் விலங்குகளின் கண்முன் உண்மையாக இருந்த எழுத்து அது ஒன்றுதான். அதை மட்டும் பழைய பெயிண்ட் என்று சொல்லிவிட்டார்கள். விலங்குகளுக்கு நிம்மதியாகிவிட்டது.

மறுபடி படிக்கும்போது க்ளோவரை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு வீரமில்லை, பேச்சில்லை, சொல்லைக் கூட்டிப் படிக்கக்கூட வராது. ஆனால் மனம் உறுத்தியபோது சுவருக்கு நடந்து போனது அதுதான். கட்டிலுக்காகப் போனது, கொலைகளுக்குப் பிறகும் போனது. கடைசி அத்தியாயத்தில் அதற்கு வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது. புரட்சியை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் ஒரு சிலர்தான். பன்றிகள் இரண்டு காலில் நடந்து வந்த அன்று, பெஞ்சமினின் பிடரியை மெல்ல இழுத்து அதைக் கொட்டகையின் கோடிக்கு அழைத்துப் போகிறது. தார்ச் சுவர் முன்னால் இரண்டும் கொஞ்ச நேரம் நிற்கின்றன. "எனக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இளமையிலும் இங்கே எழுதியிருந்ததை என்னால் படிக்க முடிந்ததில்லை. ஆனால் இந்தச் சுவர் வேறு மாதிரி தெரிகிறது. ஏழு கட்டளையும் முன்பு இருந்தது போலத்தான் இருக்கிறதா, பெஞ்சமின்?" என்று கேட்கிறது.

அன்றைக்குத்தான் பெஞ்சமின் அதற்காகச் சுவரைப் படித்துக் காட்டுகிறது.